நாலு பேர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், மகள் என்ன சொன்னாள்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வயது 49. மகள் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஆர்க். (கட்டடக்கலை) படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது, ஹாஸ்டல் வாசம். இதுவரை கையால் வரைவதும் கல்லூரி லேபும் போதுமாக இருந்தது, மூன்றாம் ஆண்டிலிருந்து சொந்த லேப்டாப் வேண்டும் என்கிறாள். கையில் இருப்பது 65,000 ரூபாய், கெட்டியாகப் பிடித்தால் 70,000 வரை போகலாம். உள்ளூர்க் கடையில் மூன்று மெஷின் காட்டியிருக்கிறார்கள். முதலாவது 62,000 ரூபாய்க்கு ஐ7 சிப் போட்ட மெல்லிய மெஷின், 16 ஜிபி ராம். இரண்டாவது 66,500 ரூபாய்க்கு ரைசன் 5 சிப், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், அதாவது 'கேமிங் லேப்டாப்'. மூன்றாவது 38,000 ரூபாய்க்கு ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்கும் வொர்க்ஸ்டேஷன், ஒன்பதாம் தலைமுறை ஐ7, குவாட்ரோ டி2000 கார்டு. மச்சான் "ஐ7-க்குக் கீழே போகாதே" என்கிறார். ஐடி கம்பெனியில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் "கேமிங் லேப்டாப் சூடாகும், பேட்டரி நிற்காது" என்கிறான். கடைக்காரர் முதலாவதைத் தள்ளிவிடப் பார்க்கிறார். அப்பாவுக்கு உள்ளூர ஒரு பயம், கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை விளையாடிக்கொண்டே இருந்துவிடுவாளோ என்று. 'பில் வேண்டாம் என்றால் 2,500 குறைத்துக்கொள்கிறேன்' என்று ஒரு பேச்சும், 'எல்லா சாஃப்ட்வேரும் ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறேன்' என்று இன்னொரு பேச்சும் கடையில் நடந்திருக்கிறது. எதை வாங்கலாம்?

அண்ணா, கோவையில் பதினெட்டு வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன், அதனால் புது மெஷினை விட மூன்று வருடம் கழித்து அது எந்த நிலைமையில் டேபிளுக்கு வருகிறது என்பதுதான் எனக்கு அதிகம் தெரியும். அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஆறு பக்கக் கடிதத்தில் மச்சான், பக்கத்து வீட்டுப் பையன், கடைக்காரர், நீங்கள் என்று நாலு பேர் கருத்து இருக்கிறது. இந்த மெஷினைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் ராத்திரி இரண்டு மணி வரை உட்காரப்போகிற பெண் என்ன கேட்டாள் என்று ஒரு வரி கூட இல்லை. அவளுக்கு இன்றைக்கே போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: மூன்றாம் ஆண்டில் எந்தெந்த சாஃப்ட்வேர் வரும்? சீனியர்கள் என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள், அதில் எது அவர்களைப் படுத்துகிறது? ஹாஸ்டலில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் இந்தப் பதில் என்னுடைய பதிலை விடப் பெரியது.

பொதுவாக பி.ஆர்க். பிள்ளைகள் ஆட்டோகேடில் பிளான் வரைவார்கள், ஸ்கெட்ச்அப்பிலோ ரெவிட்டிலோ கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்புவார்கள், லூமியன் மாதிரி ஒன்றில் மரம், புல், வெயில், கண்ணாடி எல்லாம் வைத்து ரெண்டர், அதாவது நிஜப் படம் மாதிரி ஒரு காட்சி, எடுப்பார்கள், கடைசியில் ஃபோட்டோஷாப்பில் ஷீட் தயாரித்து ஜூரிக்கு, அதாவது வேலையை மதிப்பிடும் குழுவுக்கு, கொண்டுபோவார்கள். ஆட்டோகேடில் தரைத்தளம் வரைவதற்கு எந்த மெஷினும் போதும். ரெவிட் ராம் கேட்கும், 16 ஜிபி இல்லாமல் அதைத் திறக்க நினைக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்து எடுப்பது லூமியன் போன்ற ரெண்டர் வேலைதான். உங்கள் மகள் அந்தப் பக்கம் போவாளா என்பதில்தான் 62,000-மும் 66,500-ம் பிரிகின்றன. பி.ஆர்க்-ல் போகாமல் இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த '8 ஜிபி கிராபிக்ஸ்'

கடைக்காரர் முதல் மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பாருங்க, 7.8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி' என்று காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காட்டியது பொய்யில்லை, சொன்ன அர்த்தம்தான் தப்பு. அது ஷேர்டு மெமரி. மெஷினில் 16 ஜிபி ராம் இருந்தால் அதில் ஏறக்குறைய பாதியை, தேவைப்பட்டால் கிராபிக்ஸுக்குக் கடன் தரலாம் என்று விண்டோஸ் கணக்கு போட்டுக் காட்டுகிறது. 32 ஜிபி போட்டால் அதே இடத்தில் 16 என்று காட்டும், கார்டு மட்டும் வராது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக இருக்கும் மெமரி என்பது கட்டிங் டேபிள் மாதிரி. துணியை அடுக்கி லே போடுகிற நீளத்துக்கு டேபிள் இருந்தால் ஒரே மூச்சில் வெட்டிவிடலாம். டேபிள் குட்டையாக இருந்தால் துணியை அந்த ஹாலுக்கும் இந்த ஹாலுக்குமாக எடுத்துக்கொண்டு அலைய வேண்டும், வேலை முடியும், ஆனால் சாயந்திரம் போகவேண்டிய சரக்கு மறுநாள் போகும். முதல் மெஷினில் சொந்த டேபிளே கிடையாது, ஆபீஸ் மேஜையில் பாதியைத் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு லூமியன் சீனில் இருநூறு மரம் வைத்தால் அது மூச்சு வாங்கும், அல்லது புரோகிராமே மூடிக்கொள்ளும், அதுவும் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி.

இதில் இன்னொரு நுணுக்கம். கார்டு இல்லாத மெஷினில் ராம் ஒரே குச்சியாக இருந்தால் கிராபிக்ஸ் இன்னும் மந்தம். இன்டெலே ராம் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு குச்சியாகச் சேர்ந்து, ஓடினால்தான் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று பெயர் காட்டும், ஒற்றையாக இருந்தால் அதே சிப் 'யுஎச்டி' என்று காட்டும். பெட்டி மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மட்டும் பெரிய பெயர் இருக்கும்.

மச்சான் சொன்ன ஐ7

ஐ7 என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, பெயரின் வால் எழுத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதி அனுப்பியது ஐ7-1355யு. அந்த 'யு' மெல்லிய உடம்புக்கும் நீண்ட பேட்டரிக்கும் செய்த சிப், அடிப்படை மின்சாரம் 15 வாட். பத்து கோர், அதாவது கணக்குப் போடும் பத்து மூளை, என்பார்கள், அதில் பெரிய கோர் இரண்டு, மீதி எட்டும் சின்னது. இரண்டாவது மெஷினில் இருக்கும் ரைசன் 5 7535எச்எஸ் ஆறு முழுக் கோர், 35 வாட்டுக்கு மேல் குடித்து நீண்ட நேரம் ஓடக்கூடியது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆட்டோகேட், ரெவிட்டில் மாடல் செய்வதெல்லாம் பெரும்பாலும் ஒரே கோரை நம்பி ஓடுகிற வேலை, அதில் இந்த ஐ7 சளைத்ததில்லை. உங்கள் மச்சான் ஆபீஸ் வேலைக்கு யோசனை சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

ரைசனிலும் ஒரு பொறி உண்டு. 7000 வரிசை என்றாலே புதுசு என்று நினைக்காதீர்கள், மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்று ஒன்று வரும், அந்த '2' என்பது 2019-ல் வந்த பழைய ஜென் 2 வடிவமைப்பு. 7535-ல் அந்த இடத்தில் 3 இருக்கிறது, பரவாயில்லை.

3050 என்றால் எந்த 3050?

கடிதத்தில் இது இல்லை, கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டு விதமாக வருகிறது, 4 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. கிராபிக்ஸ் கணக்குப் போடும் சின்ன அலகுகளை கூடா கோர் என்பார்கள், 4 ஜிபியில் அது 2048, 6 ஜிபியில் 2560. உங்கள் மகளின் வேலைக்கு 6 ஜிபிதான் வேண்டும், டேபிள் நீளம் முக்கியம் என்று மேலே சொன்னேனே, அதே காரணம். ஆர்டிஎக்ஸ் 2050 என்று ஒன்றைக் காட்டி '3050-க்குப் பக்கத்தில்தான், ஐந்தாயிரம் குறைவு' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 4 ஜிபி மெமரியும் அதற்குப் போகிற குறுகலான பாதையும் ஐந்து வருடப் படிப்புக்கு ஆகாது. 4050 கிடைத்தால் நல்லதுதான், அது அடுத்த தலைமுறை, ஆனால் உங்கள் 70,000-க்குள் புதுசாகக் கிடைத்தால் மற்ற இடத்தில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் வாட். ஒரே 3050 சிப்பை ஒரு கம்பெனி 40 வாட்டில் ஓட்டும், இன்னொன்று 75 வாட்டில் ஓட்டும், 35-லிருந்து 80 வரை, சிப்பைச் செய்கிற என்விடியா கம்பெனியே அனுமதிக்கிறது. கடையில் மெஷினை ஆன் செய்யச் சொல்லி என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், மெமரி எவ்வளவு என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். போன் எடுத்து ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். விக்டஸ், எல்ஓக்யூ, டஃப், நைட்ரோ என்று எந்த மாடல் பெயராக இருந்தாலும் ஒரே பெயரில் நாலைந்து விதமாக விற்கிறார்கள், அதனால் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இந்த விலைக்கு வரும் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது திரையில்தான். திரை காட்டும் நிறங்களின் அளவு '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று விவரத்தில் இருந்தால் நிறம் வெளிறித் தெரியும், செங்கல் சிவப்பு திரையில் ஒன்றாகவும் பிரிண்ட் போட்ட ஷீட்டில் வேறாகவும் வரும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று இருந்தால் இரண்டாயிரம் அதிகம் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், பிரிண்டுக்குப் போகும் முன் கல்லூரி லேபின் நல்ல மானிட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

8 ஜிபி ராமை அப்புறம் ஏற்றலாமா?

இரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் '8 ஜிபியோடு வாங்குங்கள், வெளியே இன்னொரு குச்சி வாங்கிப் போடுங்கள், லாபம்' என்றிருப்பேன். 2025 கடைசியிலிருந்து நிலைமை மாறிவிட்டது, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் அதே மாடலின் 16 ஜிபி வடிவத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள், வெளியே 8 ஜிபி குச்சி எவ்வளவு என்றும் கேளுங்கள், எது குறைவோ அது. வெளியே வாங்குவதாக இருந்தால் மெஷினில் இரண்டு ஸ்லாட் இருக்கிறதா, அதில் ஒன்று காலியா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, கம்பெனியின் அங்கீகரித்த சென்டரிலேயே போடச் சொல்லுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், அங்கே இந்த யோசனையே கிடையாது.

சூடு, கனம், விளையாட்டு

பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதில் பாதி சரி. கார்டு உள்ள மெஷின் இரண்டேகால் கிலோ, சார்ஜர் ஒரு செங்கல் கனம். பேட்டரியில் ஓடும்போது கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே ஜூரி அன்றைக்கு சார்ஜரை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனால் அழவேண்டியதுதான். பத்து மணி நேர பேட்டரியை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

சூட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் திருப்பூர். போன மாதம் உங்கள் ஊரிலிருந்து ஒரு மெஷின் வந்தது, 'ஆன் பண்ணி பத்து நிமிஷத்தில் ஆஃப் ஆகிடுது' என்று. கீழ் மூடியைக் கழற்றி ஃபேனை எடுத்தால், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பட்டை, இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது, தொட்டால் ஃபெல்ட் துணி மாதிரி. முழுக்கப் பஞ்சு. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, காற்று போக வழியில்லாமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. மகள் லீவுக்கு வரும்போது மெஷினை யூனிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கட்டிங் ஹாலில் திறக்கவே திறக்காதீர்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டக் கூடாது, காற்றை இழுக்கிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால் போதும்.

விளையாட்டு பற்றிய பயத்துக்கு என்ன சொல்ல? கேமிங் என்பது பெட்டி மேல் ஒட்டுகிற பெயர். மரத்தின் நிழலைக் கணக்குப் போடுவதும் விளையாட்டில் வரும் வீட்டின் நிழலைக் கணக்குப் போடுவதும் அந்த சிப்புக்கு ஒரே வேலை, அதே வேலைக்கு 'கிரியேட்டர்' என்று பெயர் வைத்து விற்கும் மெஷின்கள் விலை கூடுதல். விளையாட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு நீங்கள் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்த போனே போதும். இருபது வயதுப் பெண்ணைப் பற்றி அவளிடமே பேசாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லத் தோன்றியது.

38,000 ரூபாய் மெஷின்

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அந்த வொர்க்ஸ்டேஷன்களின் உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை, விண்டோஸ் 11-ம் ஓடும். ஆனால் டி2000 கார்டு 2019-ல் வந்தது, 1024 கூடா கோர், 4 ஜிபி மெமரி, கண்ணாடி பிரதிபலிப்பை வேகமாகக் கணக்கிடும் ரே டிரேசிங் கோர் அதில் இல்லை. பேட்டரி களைத்திருக்கும், கடை வாரண்டி மாதக் கணக்கில்தான் இருக்கும். இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இது முதல் தேர்வு ஆகாது. நாளைக்கே ஏதோ செலவு வந்து 65,000 என்பது 40,000 ஆகிவிட்டால் அப்போது இதைப் பாருங்கள், முதலாவது மெஷினை விட ரெண்டருக்கு இதுவே மேல்.

பில், இஎம்ஐ, 'ஃப்ரீ சாஃப்ட்வேர்'

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2,500 மிச்சம் என்பது வாரண்டி தகராறு வரும் அன்றைக்குத் தெரியும். ஜிஎஸ்டி பில்லில் மெஷினின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், அந்த நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று கடையில் நின்றபடியே பாருங்கள். ஷோகேஸில் ஓடின மெஷினுக்கு அது முன்பே தொடங்கியிருக்கும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையுள்ள பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் பொருளில் குறை இருந்தால்தான் இதெல்லாம். 'மகளுக்குப் பிடிக்கவில்லை' என்றால் சட்டம் கூட வராது, அதனால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கச் சொல்கிறேன்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று விற்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே கண்டித்துவிட்டது. இப்போது நடப்பது வேறு, வங்கி வட்டி போடும், அந்த அளவைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், கிரெடிட் கார்டில் எடுத்தால் வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள், அப்புறம் இஎம்ஐ பேச்சை எடுங்கள். மகளுக்குக் கல்விக் கடன் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, படிப்புக்குத் தேவை என்றால் கம்ப்யூட்டர் வாங்குவதையும் அந்தக் கடனில் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மேனேஜரைப் பாருங்கள். இதைப் பலபேர் கேட்பதே இல்லை.

ஃப்ரீயாகப் போட்டுத் தருகிற சாஃப்ட்வேர் எல்லாம் கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் கம்பெனியே இலவசமாகத் தருகிறது, மாணவி என்பதற்கு ஆதாரம் காட்டி வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். பிளெண்டர் எல்லாருக்குமே இலவசம். கிராக் போட்டு, உள்ளே வந்த வைரஸ் எல்லா ஃபைலையும் பூட்டிப் பணம் கேட்க, ஒரு வருட டிசைன் வேலையைத் தொலைத்துவிட்டு என் டேபிள் முன்னால் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விண்டோஸ் கம்பெனியிலேயே போட்டு வருகிற மெஷினாக வாங்குங்கள்.

ஆக, இரண்டாவது மெஷின், 3050 கார்டு 6 ஜிபியாக இருந்து, ராம் 16 ஜிபியாக்க மொத்தம் 70,000-க்குள் முடிந்தால். கார்டு 4 ஜிபி என்று தெரிந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்து இன்னும் இரண்டு கடை ஏறி இறங்குங்கள். ஜூன் மாதமே வாங்கித் தீர வேண்டும் என்றும் இல்லை, செமஸ்டர் தொடங்கின முதல் வாரங்களில் பெரிய ரெண்டர் வேலை வராது, ஆடித் தள்ளுபடி வரை கல்லூரி லேபில் ஓட்ட முடியுமா என்று அவளையே கேளுங்கள். கண்ட்ரோல் பேனல் படத்தையும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படத்தையும் பணம் கட்டும் முன் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அனுப்பும்போது சீரியல் நம்பரை மறைத்துவிடுங்கள்.